தசைநாணுக்கு வேண்டியது ஓய்வா, சுமையா?

வாலிபால் ஆட்டத்தில் பந்தை அடிக்க உயரே எழும்பும் ஆட்டக்காரரைக் கவனித்திருப்பீர்கள். எழும்பும்போதும் இறங்கும்போதும் அவருடைய முழங்காலுக்குக் கீழே உள்ள ஒரு பட்டை பெரும் இழுவிசையைத் தாங்குகிறது. முழங்காற்சில்லைக் கீழ்க்கால் எலும்புடன் இணைக்கும் தசைநாண் அது. அங்கு உண்டாகும் வலியைத் 'தாவுவோர் முழங்கால்' என்பர். நார்வேயின் முன்னணி ஆட்டக்காரர்களைப் பற்றி 2005-இல் வெளியான ஆய்வின்படி, வாலிபால் வீரர்களில் ஏறத்தாழ 45 சதவீதம் பேருக்கு இவ்வலி இருந்தது.

வலித்தால் ஓய்வெடுக்க வேண்டியதுதானே என்பீர்கள். முழு ஓய்வில் வலி குறையலாம். ஆனால் தசையும் தசைநாணும் வலுவிழந்துவிடும். மீண்டும் தாவத் தொடங்கியதும் வலியும் திரும்பும். ஆகவே மருத்துவர்கள் இன்று பரிந்துரைப்பது அளவான சுமை.

ஒரு சிறு கணக்கு

600 நியூட்டன் எடையுள்ள ஒருவர் ஒற்றைக் காலை மடக்கி நிற்கிறார். எடை செயல்படும் கோடு முழங்கால் மூட்டுக்கு 15 செ.மீ. பின்னாலும், தசைநாண் மூட்டின் மையத்துக்கு 4 செ.மீ. முன்னாலும் இருப்பதாகக் கொள்வோம். அவர் விழாதிருக்க இரு திருப்புத்திறன்களும் சமமாக வேண்டும்.

600 × 15 = தசைநாணின் விசை × 4

விசை 2250 நியூட்டன்; உடல் எடையைப் போல் ஏறக்குறைய நான்கு மடங்கு! தாவி இறங்கும்போது இது இன்னும் கூடும்; அதுவும் நொடியின் சிறு பகுதிக்குள்.

மூன்று பயிற்சிகள்

முதலாவது, அசையாமல் தாங்குவது. தசை விசை தரும், மூட்டு நகராது. 2015-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் 6 வாலிபால் வீரர்கள் 45 நொடி வீதம் 5 தடவை இவ்வாறு செய்தனர். 45 நிமிடங்களுக்கு வலி நன்கு குறைந்திருந்தது. எனினும் பின்வந்த ஆய்வுகளில் எல்லோருக்கும் இதே பலன் கிட்டவில்லை.

இரண்டாவது, 25 பாகை சாய்ந்த பலகையில் குதிகால் மேலே இருக்க நின்று, ஒற்றைக் காலில் மெல்ல இறங்குவது. பலகை எதற்கு? சமதரையில் நாம் உடலை முன்னே சாய்த்துவிடுகிறோம். எடைக்கோடு மூட்டை நெருங்குகிறது. சரிவில் உடல் நிமிர்ந்தே இருப்பதால் 15 முறை வீதம் 3 தடவை செய்யும்போது தசைநாணுக்கு முழுச் சுமை கிடைக்கும். நாள்தோறும் இருவேளை செய்ய வேண்டும்.

மூன்றாவது, கனமான சுமையுடன் மெதுவாகப் பஸ்கி போடுவது. இறங்க 3 நொடி, எழ 3 நொடி. வாரம் மூன்று நாள் மட்டும். வாரங்கள் செல்லச் செல்லச் சுமை கூடும்.

எது சிறந்தது?

டென்மார்க்கில் 39 பேரை மூன்று பிரிவாக்கி 12 வாரம் ஒப்பிட்டனர். ஒரு பிரிவுக்கு ஸ்டீராய்டு ஊசி. மற்ற இரண்டுக்கும் சரிவுப் பலகையும் கனச் சுமையும். முடிவு 2009-இல் வெளியாயிற்று. 12 வாரத்தில் மூவகையினரும் முன்னேறினர். ஆனால் அரையாண்டில் ஊசியின் பலன் தேய்ந்தது. பயிற்சிகளின் பலன் நிலைத்தது. மிகுந்த மனநிறைவு பெற்றவர்கள் கனச் சுமைப் பிரிவினரே.

நெதர்லாந்தில் 76 பேரைக் கொண்டு நடந்த ஆய்வு 2021-இல் வெளியாயிற்று. ஒரு பிரிவினர் வலியைப் பொறுத்துக்கொண்டு சரிவுப் பலகையில் பயின்றனர். மற்றவர்கள் அசையாத தாங்கல், மெதுவான பஸ்கி, தாவல், ஆட்டம் எனப் படிப்படியாக, சிறிதளவுக்கு மேல் வலிக்காமல் ஏறினர். 24 வாரத்தில் படிப்படியாகச் சென்றவர்களே முந்தினர். வலித்தால்தான் பலன் என்ற எண்ணம் சரியன்று.

தசைநாண் அறிவது விசையின் அளவையும் வேகத்தையும் காலத்தையும்தான். இடைவெளியும் வேண்டும்: கடும் பயிற்சிக்குப் பின் முதல் நாளில் கொலாஜன் இழைகள் சிதைவது மிகுதி, அதன் பிறகே புதிதாக உருவாவது மேலோங்குகிறது.

இவ்விரு ஒப்பீடுகளும் வளர்ந்தவர்களிடம் செய்யப்பட்டவை. உங்கள் வயதில் முழங்காலுக்குக் கீழ் வலித்தால், வளரும் எலும்பு முனையே காரணமாக இருக்கலாம். எனவே முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இப்போது ஒரு கேள்வி. உடலை முன்னே சாய்த்ததால் 15 செ.மீ. என்பது 10 செ.மீ. ஆயிற்று. தசைநாணின் விசை எவ்வளவு? கணக்கிட்டால் சாய்பலகையின் பயன் உங்களுக்கே விளங்கும்.