தற்காலிகக் கோப்பும் நிலையான பிரதியும்

கேள்வி: தீபத் திருவிழாக் காலத்தில் எங்கள் வீடியோ நிலையத்தின் சர்வர் நிரம்பி, இரவு நேர பேக்கப் பாதியில் நின்றுவிடுகிறது. பழைய பேக்கப்பை அழித்துவிடலாமா?
— ஒரு வாசகர், திருவண்ணாமலை

பதில்: கூடாது. பழைய பிரதியின்மீது கை வைப்பதற்கு முன், இடத்தை அபகரித்திருப்பது எது என்று விசாரிப்பதே உசிதம். மலையுச்சித் தீபத்தையும் கிரிவலத்தையும் படம்பிடித்துத் தொகுக்கையில் உங்கள் மென்பொருள் பெருமளவில் உற்பத்தி செய்யும் இடைக்காலக் கோப்புகள், வேலை தடைப்பட்டால் கேட்பாரற்றுத் தங்கிவிடுகின்றன. லினக்ஸ் சர்வர்கள் பலவற்றில், டெம்ப் கோப்பகத்தில் 10 நாளும் வார்-டெம்ப் கோப்பகத்தில் 30 நாளும் தீண்டப்படாதவற்றைத் தாமே நீக்கும் ஏற்பாடு உண்டெனினும், மென்பொருள் தனக்கென வகுத்துக்கொண்ட கோப்பகத்தை அது எட்டிப்பார்ப்பதில்லை. இன்னொரு சூக்ஷ்மமும் உண்டு: ஒரு நிரல் திறந்து வைத்திருக்கும் கோப்பை நீங்கள் அழித்தால், பெயர் மறையுமேயன்றி, அந்நிரல் அதனை மூடும்வரை இடம் திரும்பக் கிடைக்காது. ஆகவே நிரலை நிறுத்திவிட்டுத் துடையுங்கள். அக்கோப்புகளுக்குத் தனி வட்டு ஒதுக்கி, பேக்கப்பிலிருந்து அவற்றை விலக்குங்கள்.

மூலமும் பிரதியும் ஒரே வட்டில் இருப்பதைப் பாதுகாப்பென்று நான் ஒருபோதும் ஒப்பமாட்டேன். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்களோடு, வேறெங்கும் பிரதியில்லாத ஓலைச்சுவடிகளும் மீளவொண்ணாதவாறு அழிந்ததை நினைக்க இன்றும் நெஞ்சு பதறுகிறது. ஒரு பிரதியேனும் வேலூரிலோ சென்னையிலோ இருக்கட்டும். புதிய பேக்கப்பிலிருந்து சில படங்களை மீட்டெடுத்து ஓட்டிப்பார்த்த பின்னரே பழையதை நீக்குங்கள்.