மொய் நோட்டு கைக்கு வந்ததும்

தேனி, கம்பம், சின்னமனூர் பக்கம் தனிக்குடித்தனம் போகும் மகனுக்குப் பாத்திரம் பண்டத்தோடு கண்டிப்பாகக் கொடுத்தனுப்ப வேண்டியது மொய் நோட்டு. யார் நமக்கு என்ன முறை, யாருக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம் என்பதெல்லாம் அந்த நோட்டில்தான் இருக்கிறது.

பத்திரிகை வந்த அன்றே நோட்டைப் புரட்டுங்கள். அந்த வீட்டார் நமக்கு எந்த விசேஷத்தில், எந்த வருஷம், எவ்வளவு எழுதினார்கள் என்று பாருங்கள். வாங்கிய தொகையை அப்படியே திருப்பினால் கணக்கை முடித்துக்கொள்வதாகவே பலரும் எடுத்துக்கொள்வார்கள். 500 வந்திருந்தால், கையில் இருப்பதைப் பொறுத்துக் கொஞ்சம் கூட்டி, 701 அல்லது 1001 எழுதுங்கள். அந்த ஒற்றை ரூபாய் விட்டுப்போகக் கூடாது. ஆவணி, தை, வைகாசி மாதங்களில் விசேஷங்கள் நெருக்கியடித்து வரும். அறுவடைப் பணத்திலோ ஏலக்காய்த் தோட்டக் கூலியிலோ முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள். செய்முறைக்காக வட்டிக்கு வாங்காதீர்கள்.

அடுத்து முறை பார்க்க வேண்டும். காதுகுத்தில் பிள்ளை தாய்மாமன் மடியில்தான் உட்காரும். அவர் சீர்தான் முதலில் வந்து இறங்க வேண்டும். நீங்கள் பங்காளி என்றால் முந்தின நாளே போய்ப் பந்தி, பந்தல் வேலையில் நில்லுங்கள். மொய் எழுதிவிட்டு மட்டும் திரும்பினால் மனத்தாங்கல் வரும். கேத வீட்டுக்குப் பத்திரிகை எதிர்பார்க்கக் கூடாது, சேதி கேட்டதும் போக வேண்டும்.

ஜப்பானிலும் இப்படி ஒரு கணக்கு உண்டு. கல்யாணத்துக்குப் புது நோட்டாகத்தான் வைப்பார்கள். இரண்டாகப் பிரிக்க முடியாத தொகையாகவும் பார்ப்பார்கள். துக்க வீட்டுக்குப் புது நோட்டு ஆகாது, சாவை எதிர்பார்த்துத் தயாராக இருந்தது போலாகிவிடும். அந்தத் துக்கப் பணத்தில் ஏறக்குறைய பாதி மதிப்புக்கு வீட்டார் பிறகு பொருளாகத் திருப்பித் தருவார்கள். நம் ஊரில் பத்து வருஷம் கழித்துத் திரும்பினாலும் குற்றமில்லை.

விசேஷம் உங்கள் வீட்டில் என்றால் மேசையில் இரண்டு பேர் வேண்டும், ஒருவர் எழுத, ஒருவர் பணம் எண்ண. ஊர், தகப்பனார் முதலெழுத்து, பெயர், அதோடு 'டீக்கடை', 'ஜீப் டிரைவர்' என்று ஓர் அடையாளம். ஒரே பெயரில் பலர் வருவார்கள். பக்கத்துக்குப் பக்கம் கூட்டுத்தொகை போடுங்கள். கம்ப்யூட்டரில் ரசீது அடித்தாலும் நோட்டில் ஒரு பிரதி இருக்கட்டும். மைக்கில் தொகையை வாசிக்கவே வாசிக்காதீர்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து 50 ரூபாய் எழுதுகிறவரை அது கூனிக் குறுக வைக்கும். எந்தச் சாதிக்காரராக இருந்தாலும் அவரையும் அதே பந்தியில் உட்கார வைத்துச் சாப்பிடச் சொல்லுங்கள்.

அண்ணன் தம்பி பாகம் பிரியும்போது, பழைய மொய்யில் எந்த வீட்டுக்கு யார் செய்வது என்று அப்பா இருக்கும்போதே பேசி, நோட்டில் பெயருக்கு நேரே குறித்துக்கொள்ளுங்கள்.