ஃபோர்டு போனது, ஊர் போகவில்லை

கேள்வி: ஃபோர்டு ஆலை மூடியதும் மறைமலை நகர் படுத்துவிடும் என்றார்களே? வண்டலூரைத் தாண்டினால் இப்போதும் வாடகை கட்டுப்படியாகவில்லையே!
- வாசகர், வண்டலூர்

பதில்: சென்னையின் நெரிசலைக் குறைக்க சி.எம்.டி.ஏ. உருவாக்கிய துணைநகரம் அது. 2022 ஜூலையில் ஃபோர்டு உற்பத்தியை நிறுத்தியபோது அடி பலமாகத்தான் விழுந்தது. நிரந்தரத் தொழிலாளிக்கு இழப்பீடாவது கிடைத்தது; அவரை நம்பியிருந்த மெஸ்காரருக்கும் வேன் டிரைவருக்கும் யார் தருவார்?

ஆனால் ஊர் ஒரே கம்பெனியை நம்பி இல்லை. சிட்கோ பேட்டைப் பட்டறைகள் பலருக்கும் உதிரிபாகம் செய்கின்றன. சிங்கப்பெருமாள் கோவிலில் திரும்பினால் ஒரகடம். நேரே போனால் மகேந்திரா சிட்டி. காலை ஷிஃப்டு நேரத்தில் ஜி.எஸ்.டி. சாலையில் கம்பெனி பஸ்கள் வரிசைகட்டுவதைப் பாருங்கள், புரியும். போதாக்குறைக்கு 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பஸ் நிலையமும் வந்துவிட்டது. வாடகை இறங்காது, அட்வான்ஸையாவது பேசிக் குறையுங்கள்!