கதிர்வீச்சு மணி பார்த்து வருவதில்லை

இன்றிரவு 12.30 மணி முதல் 3.30 மணி வரை காஸ்மிக் கதிர்கள் பூமியை ஒட்டிக் கடக்கப்போகின்றன, செல்போனை அணைத்துத் தள்ளி வையுங்கள், சிங்கப்பூர் டிவியிலேயே சொல்லிவிட்டார்கள் என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் பல வருடங்களாகச் சுற்றிவருகிறது. தேதி மட்டும் மாறும்.

காஸ்மிக் கதிர்களுக்கு இரவு, பகல் கிடையாது. அவை காற்று மண்டலத்தில் மோதும்போது பிறக்கும் மியூவான் துகள்கள், விரித்த உள்ளங்கை வழியாக நிமிடத்துக்கு ஏறத்தாழ நூறு வீதம் இப்போதும் கடந்துகொண்டிருக்கின்றன. செல்போனை அணைப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எனக்கு அந்தத் தகவலில் பிடித்தது அதன் துணிச்சல்தான். விண்வெளிக் கதிர்வீச்சைக் கண்காணிப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் யாரும் இப்படி மணிக்கணக்கு சொல்ல முன்வர மாட்டார்கள். அமெரிக்காவின் போல்டர் நகரில் இருக்கும் விண்வெளி வானிலை முன்கணிப்பு மையம் அடுத்த மூன்று நாட்களுக்குக் கதிர்வீச்சுப் புயல் வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று மட்டும் வெளியிடுகிறது. சூரியன் அமைதியாக இருக்கும் நாட்களில் அந்த எண் 1 சதவீதமாகவே இருக்கும். இந்த வாட்ஸ்அப் தகவலைப் போலவே இன்னும் சில நம்பிக்கைகள் உலவுகின்றன.

நம்பிக்கை: சூரியனில் வெடித்தது பூமிக்கு வர இரண்டு மூன்று நாளாகும், அதற்குள் எச்சரித்துவிடலாம்.

பாதி சரி. சூரியன் ஒரே வெடிப்பில் மூன்று விதமான சரக்கை அனுப்புகிறது. எக்ஸ் கதிர் எட்டே கால் நிமிடத்தில் வந்துவிடும். காந்தப்புலத்தைச் சுமந்துவரும் பிளாஸ்மா மேகத்துக்குத்தான் ஒன்று முதல் மூன்று நாள் பிடிக்கும். கதிர்வீச்சு என்று நாம் பயப்பட வேண்டிய அதிவேகப் புரோட்டான்கள் இரண்டுக்கும் நடுவில், சில சமயம் அரைமணி நேரத்துக்குள்ளேயே, வந்து சேரும்.

அப்படியானால் வழியில் காவல் நிறுத்தினால் போதாதா? நிறுத்தியிருக்கிறார்கள். பூமியிலிருந்து சூரியன் பக்கமாக 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி எல்1 என்ற இடத்தில் சோஹோ, ஏஸ் போன்ற கலங்கள் இருக்கின்றன. 2023 செப்டம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய நமது ஆதித்யா-எல்1 கலமும் அங்கேதான் இருக்கிறது. பிளாஸ்மா மேகம் எல்1ஐத் தாண்டிப் பூமியைத் தொட அரைமணி, ஒரு மணி ஆகும், அந்த அவகாசம் உதவும். ஆனால் ஒளியின் பாதி வேகத்தில் வரும் புரோட்டானுக்கு அதே தூரம் பத்து விநாடிப் பயணம்.

இதற்கு ஆரிக் போஸ்னர் என்ற விஞ்ஞானி 2007இல் ஒரு வழி சொன்னார். வெடிப்பில் புரோட்டான்களோடு எலெக்ட்ரான்களும் கிளம்புகின்றன. எடை குறைந்த எலெக்ட்ரான்கள் ஏறக்குறைய ஒளி வேகத்தில் முந்திக்கொண்டு வருகின்றன. அவற்றின் வரத்து எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று சோஹோ அளப்பதைக் கொண்டு, பின்னால் வரும் புரோட்டான்களின் அளவைக் கணிக்கலாம். கிடைக்கும் அவகாசம் அதிகபட்சம் ஒரு மணி நேரம். நிலவில் நடந்துகொண்டிருப்பவர் கலத்துக்குத் திரும்ப அது போதும்.

1972இல் அந்த ஒரு மணி நேரமும் இல்லை. அப்போலோ 16 ஏப்ரலில் திரும்பியது, அப்போலோ 17 டிசம்பரில் கிளம்பியது. இடையில் ஆகஸ்ட் மாதம் அடித்த புரோட்டான் புயலில் யாராவது நிலவின் தரையில் இருந்திருந்தால் கடும் கதிர்வீச்சு நோய்க்கு ஆளாகியிருக்கக்கூடும். தப்பியது அதிர்ஷ்டத்தால், முன்கணிப்பால் அல்ல.

நம்பிக்கை: சூரியப் புயல் என்றாலே கதிர்வீச்சுதான்.

2022 பிப்ரவரியில் ஏவப்பட்ட 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் 38 விழுந்தபோது, கதிர்வீச்சு தாக்கியது என்று பேசிக்கொண்டார்கள். உண்மையில், பிளாஸ்மா மேகம் கிளப்பிய காந்தப்புயல்தான் மேல் வளிமண்டலத்தைச் சூடாக்கி வீங்கவைத்தது. சுமார் 210 கிலோமீட்டர் உயரத்தில் காற்றின் உராய்வு கூடியதால் அவை இறங்கிவிட்டன. லடாக்கின் ஹான்லே வரை வானம் சிவந்த 2024 மே புயலும் அப்படித்தான். காந்தப்புயல் அளவுகோலில் அது உச்சமான 5ஆம் படி. கதிர்வீச்சுப் புயல் அளவுகோலில் வெறும் 2ஆம் படி. இரண்டுக்கும் தனித்தனி அளவுகோல் இருப்பதே இதனால்தான்.

நம்பிக்கை: சூரியப் புள்ளிகள் உச்சத்தில் இருக்கும் ஆண்டுகள்தான் செயற்கைக்கோள்களுக்கு ஆபத்து.

புரோட்டான் புயலைப் பொறுத்தவரை பெரும்பாலும் சரி. காஸ்மிக் கதிருக்கு நேர் எதிர்: சூரியன் அடங்கியிருக்கும்போதுதான் அதிகம் உள்ளே வருகிறது. 36,000 கிலோமீட்டர் உயரத்தில் டிவி, தொலைபேசி செயற்கைக்கோள்களைத் துன்புறுத்தும் வேக எலெக்ட்ரான்களோ, உச்சம் முடிந்து சூரியன் தணிந்துவரும் ஆண்டுகளில் பெருகுகின்றன. அப்போது சூரியனின் வெளி வளிமண்டலமான கரோனாவில் உள்ள துளைகளிலிருந்து விரைவான சூரியக் காற்று வீசும். அது வந்து ஓரிரு நாளில் எலெக்ட்ரான்கள் கூடும். உலோகத் தோலை ஊடுருவி மின்காப்புப் பொருட்களுக்குள் தேங்கி, ஒரு நாள் பொறியாக வெடிக்கும். 1994 ஜனவரியில் கனடாவின் அனிக் ஈ1, ஈ2 செயற்கைக்கோள்கள் இரண்டும் சில மணி நேர இடைவெளியில் நிலைதவறின. இரண்டாவதை மீட்க மாதக்கணக்காயிற்று.

வேடிக்கை என்னவென்றால், நன்றாகக் கணிக்க முடிவது இதைத்தான். சூரியன் 27 நாளுக்கு ஒருமுறை சுற்றி அதே துளையை மறுபடி நம் பக்கம் காட்டுகிறது.

நம்பிக்கை: பூமியைச் சூழ்ந்த வான் ஆலன் கதிர்வீச்சு வளையங்களைத் தாண்டி மனிதன் போயிருக்கவே முடியாது.

அப்போலோ கலங்கள் வளையங்களின் தடித்த பகுதியைத் தவிர்த்து, சில மணி நேரத்தில் கடந்துபோயின. குழுக்களில் அதிகக் கதிர்வீச்சு வாங்கியது அப்போலோ 14, சராசரி 1.14 ராட் (கதிர்வீச்சு அளவின் அலகு). விண்வெளி நிலையத்தில் ஆறு மாதம் தங்குபவர் இதைவிடப் பல மடங்கு வாங்குகிறார்.

இந்தச் சந்தேகக்காரர்கள் வளையங்களை நிரந்தரச் சுவர்போல நினைக்கிறார்கள். 1958இல் எக்ஸ்ப்ளோரர் 1இன் கைகர் எண்ணி உயரத்தில் திடீரென மௌனமானது. பழுதல்ல, எண்ண முடியாத அளவுக்குத் துகள்கள் மோதியதால் திணறிப்போயிருந்தது. அப்படித் தெரியவந்த வளையங்கள் இரண்டுதான் என்று அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பாடப்புத்தகங்கள் சொல்லின. 2012 ஆகஸ்டில் ஏவப்பட்ட வான் ஆலன் ஆய்வுக்கலங்கள் சில நாட்களிலேயே மூன்றாவதைக் கண்டன. நான்கு வாரம் இருந்தது. பிறகு சூரியனிலிருந்து வந்த ஓர் அதிர்ச்சி அலை அதைத் துடைத்துவிட்டது. 2024 மே புயலுக்குப் பின் மேலும் இரண்டு தற்காலிக வளையங்கள் முளைத்தன. கண்டுபிடித்தது கொலராடோ பல்கலைக்கழகத்தின் சைர்பி என்ற கியூப்சாட் வகைச் சிறு செயற்கைக்கோள். ஏப்ரலில் கோளாறாகிப் பேச்சுமூச்சின்றிக் கிடந்து, ஜூனில் தானாக உயிர்பெற்று இதைப் பதிவுசெய்தது. அந்தப் புயல் அதன் சுற்றுப்பாதையையும் இறக்கிவிட்டிருந்ததால், அக்டோபரிலேயே வளிமண்டலத்தில் விழுந்து எரிந்துபோனது.