இடம் மாறாத பக்கங்கள்

பள்ளி அறிவிப்புப் பலகையில் இன்று ஒட்டிய தாள், நாளை வேறொரு தாளின் அடியில் மறைந்துவிடும். பாடநூலின் ஆறாம் பாடமோ ஆண்டு முழுவதும் அதே பக்கத்தில் இருக்கும். வலையில் இடப்படும் செய்திகளும் இவ்வாறே இரு வகைப்படும். நாளிட்ட குறிப்புகளில் புதியது மேலே வர, பழையது கீழே இறங்கும். என்றும் தேவைப்படும் செய்திகளுக்கு நிலைப்பக்கங்களே ஏற்றவை.

இத்தேவையை முதலில் உணர்ந்தவர்களுள் பௌதிக ஆராய்ச்சியாளர்களும் உண்டு. ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆராய்ச்சிக்கூடத்திற்கு வந்தவர்களுள் பலர் இரண்டொரு ஆண்டுகளில் திரும்பிவிடுவர். அவர்களோடு அவர்கள் அறிந்தவையும் போய்விடும். இக்குறையைத் தீர்க்க, அங்குப் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ 1989 மார்ச்சில் ஒரு திட்டத்தை எழுதி அளித்தார். ஒன்றையொன்று சுட்டும் பக்கங்களாகச் செய்திகளைச் சேமிப்பதே அது. 1990 இறுதியில் முதல் வலைப்பக்கம் உருவாயிற்று.

நிலைப்பக்கம் என்பது கணிப்பொறியில் உள்ள ஒரு கோப்பே. யார் கேட்டாலும் அதே கோப்பு அப்படியே அனுப்பப்படும். அதைக் கண்டுபிடிப்பது எப்படி? முதல் பக்கத்தின் முகவரியில் முதலில் கணிப்பொறியின் பெயர். அடுத்து 'ஹைபர்டெக்ஸ்ட்' என்ற அடைவு. அதனுள் இன்னோர் அடைவு. கடைசியில் கோப்பின் பெயர். ஊர், தெரு, வீடு என்பது போன்ற வரிசை இது. வீட்டை மாற்றினால் பழைய விலாசத்திற்கு வரும் கடிதம் சேராது. கோப்பை இடம் மாற்றினாலும் அப்படியே; '404' என்ற பிழைச் செய்திதான் வரும்.

ஆகவே, பக்கங்களை அமைக்கும்போது நான்கு விதிகளை மனத்திற் கொள்க:

1. ஒரு பக்கத்திற்கு ஒரு பொருள்.
2. எல்லாப் பக்கங்களையும் சுட்டும் முகப்புப் பக்கம் ஒன்று வேண்டும்.
3. ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் முகப்புக்குத் திரும்ப வழி வேண்டும்.
4. 'புதியது' என்று பெயரிடாதீர்கள். அடுத்த ஆண்டு அது பழையதாகிவிடும். பொருளைக் கொண்டே பெயரிடுங்கள், பின்னர் மாற்றாதீர்கள்.

நான்காம் விதியின் அருமையை செர்ன் நிறுவனமே காட்டியது. முதல் வலைத்தளத்தை 2013-இல் மீட்டு, அதன் பழைய முகவரியிலேயே மீண்டும் வைத்தது.

செய்து பாருங்கள்: உங்கள் அறிவியல் மன்றத்தின் செய்திகளை ஐந்து தாள்களில் எழுதுங்கள். எந்தத் தாள் எதைச் சுட்ட வேண்டும் என அம்புக்குறிகள் இடுங்கள். எந்த அம்பும் வந்து சேராத தாள் இருக்கிறதா? இருந்தால், அதை எந்த வாசகரும் கண்டடைய மாட்டார்!