இரண்டு கதவணைகளுக்கு நடுவே

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய வரைபடம் கிடைத்தது. பவானிசாகர் அணையடியில் பேனாவை வைத்து, சத்தியமங்கலம், கோபி, அத்தாணி, ஆப்பக்கூடல் என்று இழுத்து, கூடுதுறையில் காவிரிக்குள் இறக்கி, ஈரோடு தாண்டிக் கொடுமுடி வரைக்கும் நீலக்கோடு போட்டிருக்கிறாய். ஆலப்புழைப் படகுவீடுகளைப் பற்றி ஒரு பக்கம், இங்கிலாந்துக் கால்வாய்களில் ஏழடி அகலப் படகில் குடித்தனம் நடத்துகிறவர்களைப் பற்றி ஒரு பக்கம். கோயம்புத்தூரில் சம்பாதித்த காசில் பழைய பைபர் படகும் மோட்டாரும் வாங்கியாகிவிட்டது. கடைசியில் ஒரே கேள்வி: "எப்பங்ணா கெளம்பறது?"

அந்தக் கோட்டை அழித்துவிடு. படகை விற்க வேண்டாம்.

2016ஆம் வருஷத்துத் தேசிய நீர்வழிச் சட்டத்தின் பட்டியலை நீ பார்த்திருப்பாய் என்று நினைக்கிறேன். நாடு முழுக்க 111 நீர்வழிகள். அதில் 20ஆவது நம் பவானி. காகிதத்தில் படிக்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆற்றில் இறங்கினால் நடுவழியில் கொடிவேரி அணைக்கட்டு குறுக்கே கிடக்கிறது. அதைத் தாண்டி வந்தாலும் கூடுதுறைக்குச் சற்று முன்னால் காலிங்கராயன் அணைக்கட்டு. இரண்டிலும் படகை ஏற்றி இறக்குகிற லாக் கிடையாது. பக்கிங்காம் கால்வாயில் அது இருந்தது, ஏனென்றால் அந்தக் கால்வாயை உப்பும் விறகும் ஏற்றிய படகுகளுக்காகவே வெட்டினார்கள். நம்முடைய அணைக்கட்டுகள் கோபி நெல்லுக்கும் ஈரோட்டு மஞ்சளுக்கும் கட்டியவை. படகு போகவேண்டும் என்று கட்டியவர்கள் யாரும் யோசிக்கவில்லை, அதற்காக அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

காவிரிப் பக்கம் வந்தால் இன்னும் நெருக்கம். 1934இல் கட்டி முடித்த மேட்டூருக்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை என்று நான்கு கதவணைகள், ஒவ்வொன்றிலும் 30 மெகாவாட் மின்நிலையம். பவானிக்குக் கீழே சமயசங்கிலி, வெண்டிபாளையம், பாசூர் என்று மேலும் மூன்று. ஆறு ஒரு படிக்கட்டு ஆகிவிட்டது. ஒவ்வொரு படியிலும் தண்ணீர் தேங்கி நிற்கிறது, ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போக உன் படகுக்கு வழியில்லை. பழைய பரிசல்காரர் தடை வந்தால் பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கரையோரமாக நடந்துவிடுவார். உன் படகுக்கு டிராக்டர் பிடிக்க வேண்டும்.

ஆகவே தூரத்தை மறந்துவிடு. கொங்கு நாட்டில் சொந்தமாகப் படகு வைத்திருப்பது ஒரு தேக்கத்தைத் தெரிந்துவைத்திருப்பதுதான். நான் சொல்வது நெரிஞ்சிப்பேட்டைக் கதவணைக்கு மேலே உள்ள தேக்கத்தை. எதிர்க்கரையில் சேலம் மாவட்டத்துப் பூலாம்பட்டி. இரு கரைக்கும் நடுவே விசைப்படகு ஓடுகிறது, வண்டியையும் ஏற்றிக்கொண்டு ஆள்கள் போய்வருகிறார்கள். படகு தினசரி ஓடும் இடத்தில் மோட்டார் பிரிக்கத் தெரிந்தவன் இருப்பான், தண்ணீரைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் அந்த ஊரைக் 'குட்டிக் கேரளா' என்கிறது. சொல்லிவிட்டுப் போகட்டும். நீ புதன்கிழமை வா.

அந்தத் தேக்கத்தில் நீ முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஆற்றை அல்ல, ஆற்றைத் திறப்பவர்களை. இங்கே தண்ணீர் மழையால் மட்டும் வருவதில்லை, உத்தரவாலும் வருகிறது. டெல்டாவுக்காக மேட்டூரை ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது வழக்கம். இருப்பு குறைந்தால் தேதி தள்ளும், கர்நாடகத்தில் மழை கொட்டினால் முந்தும். பவானிசாகரிலிருந்து கீழ்பவானி வாய்க்காலுக்குப் பெரும்பாலும் ஆகஸ்ட் 15. தடப்பள்ளி, அரக்கன்கோட்டை, காலிங்கராயன் பாசனங்களுக்கான தண்ணீர் ஆற்று வழியாகவே இறங்குகிறது. அந்த உத்தரவு முடிந்தால் பவானியில் பாறை தெரியும். ஆகவே தினமும் காலையில் பேப்பரில் அணை நிலவரம் பார். நீர்மட்டம் எத்தனை அடி என்பது விவசாயிக்கு. வெளியேற்றம் எத்தனை கன அடி என்பதே உனக்கு. நேற்றைய எண்ணும் இன்றைய எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைத்து, உன் படகுத்துறைப் படியில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்றும் குறி. ஒரு பருவம் இப்படிச் செய்தால் எண்ணைப் பார்த்ததும் ஓட்டம் எப்படி இருக்கும் என்று கைக்கே தெரிந்துவிடும். உபரி நீர் திறப்பு, வெள்ள எச்சரிக்கை என்று தண்டோரா வந்தால் பேச்சே இல்லை, படகு கரைமேல்.

கதவணைப் பக்கம் ஒட்டாதே. ஷட்டருக்கு மேல்புறம் பார்ப்பதற்கு அசையாத தண்ணீர்தான், இழுப்பெல்லாம் அடியில். அங்கே மோட்டார் நின்றுபோனால் உனக்கு இரண்டே பொருள்கள்தான் உதவும்: நங்கூரமும் துடுப்பும். விலைக்கு வாங்கிய படகோடு இரண்டுமே வந்திருக்காது என்று பந்தயம் கட்டுகிறேன்.

துடுப்பு என்றதும் சொல்ல வேண்டியதற்கு வருகிறேன். மோட்டாரைக் கழற்றி வீட்டில் வை. முதலில் பரிசல் ஓட்டக் கற்றுக்கொள். கோயம்புத்தூரிலிருந்து காரமடை வழியாகப் போனால் பில்லூர் அணை நீரில் பரளிக்காடு. வனத்துறை ஏற்பாட்டில் மலைக்கிராமத்து மக்கள் பரிசல் ஓட்டுகிறார்கள். காட்டை எல்லாரும் பார்ப்பார்கள், நீ ஓட்டுபவரின் மணிக்கட்டைப் பார். அவர் தண்ணீரைப் பின்னால் தள்ளமாட்டார். பரிசலின் முன்பக்கம் உட்கார்ந்து துடுப்பைத் தள்ளி ஊன்றித் தன்பக்கம் இழுப்பார், ஒரு இழுப்பு இடமாக, ஒன்று வலமாக. மூக்கும் வாலும் இல்லாத வட்டம் அது. கை சரியாக விழவில்லை என்றால் நின்ற இடத்திலேயே சுற்றும். மூங்கில் பட்டை பின்னி, முன்காலத்தில் மாட்டுத்தோல் போர்த்தி, பிறகு பிளாஸ்டிக் படுதாவும் தாருமாகி, இப்போது பல இடங்களில் பைபருக்கு வந்துவிட்டது. எதில் செய்தாலும் வட்டம் மாறவில்லை, காரணம் உண்டு. ஆழம் வேண்டாம், பாறையில் தட்டினாலும் நழுவிவிடும், எந்தக் கரையிலும் ஒதுங்கும்.

உனக்கு இது எதற்கு என்று கேட்பாய். மோட்டார் படகு தண்ணீரை உணரவிடாது, சத்தத்தால் மூடிவிடும். பரிசலில் சின்னச் சுழி வந்தாலும் திரும்பும், ஓட்டம் எங்கே பிரிகிறது என்று உன் இடுப்புக்குத் தெரியும். ஓட்டத்தில் எதிர்க்கரைக்கு நேராகப் போக முயலாமல், மேலே ஏறிச் சாய்ந்து விட்டு வந்து துறையைப் பிடிக்கிற கணக்கும் அதில்தான் வரும். அந்தக் கணக்கு வந்த பிறகு மோட்டாரை மாட்டு. மோட்டார் பழுதாகும் நாளில் நீ பயப்படமாட்டாய்.

இனி மனிதர்கள். தேக்கத்தில் உனக்கு முன்னால் இருப்பவர்கள் மீனவர்கள். விடியலில் வலை எடுப்பார்கள், இருட்டில் போடுவார்கள். தண்ணீர்மேல் பாட்டில் மிதந்தால் அது குப்பை என்று நினைக்காதே, வலையின் தலைப்பாக இருக்கும். மோட்டார் இலையில் வலை சுற்றினால் உனக்கு அரைமணி வேலை, அவருக்கு அன்றைய கூலி. பொழுது சாய்ந்தபின் மோட்டார் வேண்டாம். பரிசல்துறைகளைப் பல ஊர்களில் ஏலம் விடுகிறார்கள்; ஏலம் எடுத்தவர் துறையில் நீ காசு வாங்கி ஆள் ஏற்றினால் சண்டைதான் வரும், நியாயமும் அவர் பக்கம். பதிவு, சான்று விஷயத்துக்கு 2021இன் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் இருக்கிறது. மோட்டார் பொருத்திய கலத்துக்குப் பதிவும் ஆய்வும் கட்டாயம். அலைச்சல்தான், அலைந்து முடி.

பவானிசாகருக்கு மேலே நீர்ப்பரப்பு விரிந்து கிடக்கிறதே என்று ஆசைப்படாதே. அந்தப் பக்கம் சத்தியமங்கலம் புலிகள் காப்பகம், யானை தண்ணீர் குடிக்கிற கரை. கீழ்பவானி வாய்க்கால் 200 கி.மீ. நீளம் என்று கடிதத்தில் இரண்டு முறை எழுதியிருக்கிறாய். அதில் படகை இறக்கவே கூடாது. சரிந்த கரை, வேகமான ஓட்டம், இடையிடையே மதகு. நீச்சல் தெரிந்த இளவட்டங்களையே கொண்டுபோன வாய்க்கால் அது. காலிங்கராயன் வாய்க்கால் 90 கி.மீ. வளைந்து வளைந்து நிதானமாகத்தான் ஓடுகிறது, ஆனால் அது வயலுக்குப் போகிற தண்ணீர், நீ கரையில் நடந்து பார்க்கலாம்.

உன் மாமன் மச்சானெல்லாம் ஆடிப்பெருக்குக்கு வந்து நிற்பார்கள். ஏற்றாதே. மிதவை அங்கி எத்தனை இருக்கிறதோ அத்தனை தலைதான், மடியில் வைத்த குழந்தையும் ஒரு தலை. 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டம் தானூரில் மீன்பிடிப் படகைச் சுற்றுலாப் படகாக மாற்றி, அளவுக்கு மீறி ஏற்றி, பொழுது சாய்ந்தபின் ஓட்டினார்கள். 22 பேர் போனார்கள், அதில் பாதிக்கு மேல் குழந்தைகள். அன்று அந்தத் தண்ணீரில் புயலும் இல்லை, வெள்ளமும் இல்லை. கோபித்துக்கொள்கிற மாமன் தீபாவளிக்குள் பேசிவிடுவார்.

கிளம்புவது எப்போது என்று கேட்டாயே. கதவணைப் பராமரிப்புக்காக ஷட்டர்களைத் தூக்கித் தேக்கத்தை வடித்துவிடுவார்கள். பூலாம்பட்டிப் படகும் அந்த நாள்களில் நின்றுவிடும். செய்தி வந்ததும் தகவல் சொல்கிறேன். படகில்லாமல் வா. மற்ற நாளில் உன் படகுக்கு அடியில் மறைந்திருக்கிற பாறைகள் எல்லாம் அப்போது வெளியே நிற்கும். கரையில் தெரிகிற கோயில், மரம், கரண்டுக் கம்பம் இவற்றை அடையாளம் வைத்து ஒவ்வொன்றையும் நோட்டில் குறித்துக்கொள்வோம். அந்த வரைபடத்தில் நீலக்கோடு போடு, நான் ஒன்றும் சொல்லமாட்டேன். அளக்க நூல்கயிறு கொண்டுவா. செருப்பு நல்லதாகப் போட்டு வராதே, சேறு பிடுங்கிக்கொள்ளும்.

அன்புடன்,
அண்ணன்