நிர்வாகியின் இலக்குகள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

மார்ச் மாதம் முடிந்து அப்ரைசல் படிவங்கள் மேசைக்கு வந்து சேரும் பருவத்தில், பிறரை நடத்திச் செல்லும் பொறுப்பில் இருக்கும் ஒவ்வொருவரும், அவர் வங்கிக் கிளையின் மானேஜராயினும் ஆலையின் ஷிப்ட் சூப்பர்வைசராயினும், சுய வளர்ச்சிக்கான இலக்குகள் என்ற கட்டத்தை நிரப்பியாக வேண்டியிருக்கிறது. அதில் எதை எழுதுவது என்பது பற்றி அலுவலகங்களில் வேரூன்றியிருக்கும் அபிப்பிராயங்களில் சில ஆதாரமே அற்றவை. வேறு சில, ஓரிடத்தில் உண்மையாயிருந்து மற்றோரிடத்தில் அனர்த்தத்தை விளைவிப்பவை. பின்னவையே அதிக அபாயமுடையவை என்பதால் அவற்றைப் பற்றியே விஸ்தாரமாகச் சொல்ல விரும்புகிறேன்.

நம்பிக்கை: இலக்கை எழுதி வைத்தாலே பாதி வெற்றி

பயிற்சி வகுப்புகளில் பிரசித்தமான கதை ஒன்று உண்டு. 1953ஆம் ஆண்டு யேல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர்களுள் நூற்றுக்கு மூவரே இலக்குகளை எழுதி வைத்திருந்தனர் என்றும், இருபது ஆண்டுகள் கழித்து விசாரித்தபோது அந்த மூவரின் செல்வம் மற்றத் தொண்ணூற்றேழு பேரின் மொத்தச் செல்வத்தையும் மிஞ்சியிருந்தது என்றும் சொல்வார்கள். அமெரிக்காவின் ஃபாஸ்ட் கம்பெனி இதழ் 1996இல் இதன் மூலத்தைத் தேடிச் சென்றபோது, அப்படியோர் ஆராய்ச்சி நடந்ததற்கான தடயமே அகப்படவில்லை. எழுதி வைப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் எழுதியதோடு கடமை முடிந்தது என்று படிவத்தை மூடிவிடுகிற மனோபாவத்துக்கு இந்தக் கற்பனைக் கதை பக்கபலமாய் இருந்துவருகிறது.

நம்பிக்கை: எண்ணால் அளக்க முடியாதது இலக்கே ஆகாது

இலக்கு எப்படி அமைய வேண்டும் என்று சொல்லும் 'ஸ்மார்ட்' என்ற சூத்திரத்தை 1981இல் ஒரு கட்டுரையில் வெளியிட்ட ஜார்ஜ் டோரன், எல்லா நோக்கங்களையும் அளவிட்டே ஆகவேண்டுமென்று அந்தக் கட்டுரையில் சொல்லவில்லை. அளக்க இயலாதவையும் நிர்வாகத்தில் உண்டு என்றே எழுதினார். சூத்திரத்தை மனப்பாடம் செய்தவர்கள் இந்த எச்சரிக்கையை விட்டுவிட்டார்கள்.

நம்பிக்கை: இலக்கு எவ்வளவு கடினமோ, வளர்ச்சி அவ்வளவு பெரிது

இதற்கு வலுவான ஆதாரம் உண்டு என்பதால்தான் இதை நிதானமாகப் பரிசீலிக்க வேண்டும். அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்துக் காடுகளில் வெட்டிய மரங்களை ஆலைக்கு ஏற்றிச் செல்லும் லாரிகளை வைத்து, கேரி லேத்தம் என்ற உளவியல் அறிஞரும் அவருடைய சகாவும் நடத்திய சோதனை 1975இல் வெளியாயிற்று. மரங்கள் நீளத்திலும் பருமனிலும் ஒன்றுபோல் இராமையால் எவ்வளவு பாரம் ஏறியிருக்கிறது என்பதை ஓட்டுநர் கண்மதிப்பாகவே தீர்மானிக்க வேண்டியிருந்தது. சட்டம் அனுமதிக்கும் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டோடு அவர்கள் புறப்பட்டுவிடுவார்கள். "முடிந்தவரை ஏற்றுங்கள்" என்ற உபதேசத்தால் பயன் விளையாத நிலையில், 94 விழுக்காடு என்ற திட்டமான இலக்கு அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. எட்டினால் பரிசு இல்லை, எட்டாவிட்டால் தண்டனையும் இல்லை என்று வாக்களிக்கப்பட்டது. முதல் மாதத்தில் 80ஐ எட்டிய பாரம், இரண்டாம் மாதத்தில் 70க்கு இறங்கிற்று. நிர்வாகம் தன் வாக்கைக் காப்பாற்றுமா என்று ஓட்டுநர்கள் பரீட்சித்துப் பார்த்தார்களாம்! எவரும் தண்டிக்கப்படவில்லை, பிறகு பாரம் 90ஐத் தாண்டி நிலைத்தது.

இலக்கின் மகிமையைப் பேசுகிறவர்கள் அந்த இரண்டாம் மாதத்தை அநேகமாகச் சொல்வதில்லை; எனக்கோ அதுவே இந்தச் சம்பவத்தின் உயிர்நாடியாகத் தோன்றுகிறது. அச்சத்தைக் கூட்டி வைத்துக் கடின இலக்கைத் திணித்தால் என்ன ஆகும் என்பதற்கு, அதே நாட்டின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி உதாரணம். வாடிக்கையாளர் ஒருவருக்கு எட்டுத் திட்டங்களை விற்க வேண்டும் என்ற டார்கெட்டின் நெருக்குதலில், ஊழியர்கள் வாடிக்கையாளருக்குத் தெரியாமலேயே கணக்குகளைத் திறந்தார்கள். 2016இல் அந்த வங்கிக்கு 185 மில்லியன் டாலர் அபராதம் விதிக்கப்பட்டது; சில ஆண்டுக் காலத்தில் சுமார் 5,300 ஊழியர்கள் நீக்கப்பட்டிருந்தார்கள்.

இன்னொரு விஷயமும் உண்டு. அந்த லாரி ஓட்டுநர்களுக்கு மரம் ஏற்றும் வித்தை முன்பே தெரியும், முனைப்புதான் தேவைப்பட்டது. வித்தையே கைவராதவரின் நிலை வேறு. அமெரிக்க விமானப்படையில் பயிற்சி பெற்றுவந்தவர்களுக்கு விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டை ஒத்த பணியொன்றைக் கொடுத்து ரூத் கான்ஃபரும் ஃபிலிப் அக்கர்மனும் ஆராய்ந்து 1989இல் வெளியிட்ட முடிவு இது: கற்கத் தொடங்கும் கட்டத்திலேயே கடினமான எண்ணிக்கை இலக்கு விதிக்கப்பட்டவர்கள், இயன்றதைச் செய்யுமாறு விடப்பட்டவர்களைக் காட்டிலும் பின்தங்கினார்கள். கவனம் முழுவதும் எண்ணிக்கையில் போய்விட்டால், கற்பதற்கு மனத்தில் என்ன மிஞ்சும்? இத்தகைய தருணத்தில், இத்தனை வழிமுறைகளைக் கண்டறிய வேண்டும் என்ற கற்றல் இலக்கே மேலான பலனைத் தருகிறது என்பதை லேத்தமே பிற்காலத்தில் காட்டினார்.

நேற்றுவரை தம் வேலையில் கெட்டிக்காரராய் இருந்து, இன்று பன்னிரண்டு பேருக்குத் தலைவராக்கப்பட்டவரை நினைத்துப் பாருங்கள். ஆட்களை நடத்துவது அவருக்குப் புத்தம்புதிய வித்தை. "வேலையை விட்டுச் செல்வோரின் தொகையைப் பாதியாகக் குறைப்பேன்" என்று அவரை எழுதவைப்பது அநியாயம். "முதல் காலாண்டுக்குள் ஒவ்வொருவரோடும் தனித்தனியே உட்கார்ந்து, அவர் வேலைக்குத் தடையாயிருப்பது எது என்று கேட்டு, அதை நீக்க மூன்று உபாயங்களையேனும் முயன்று பார்ப்பேன்" என்று எழுதினால், அவர் மெய்யாகவே எதையோ கற்றுக்கொள்வார். அவருக்குக் கீழிருப்பவர்களும் அதைக் கண்ணால் காண்பார்கள்.

நம்பிக்கை: பயிற்சி வகுப்பும் சான்றிதழுமே வளர்ச்சி

இதை மறுக்க வருவோர், கற்பதில் 70 பங்கு வேலை அனுபவத்தாலும் 20 பங்கு பிறரிடமிருந்தும் 10 பங்கு மட்டுமே வகுப்பாலும் வருகிறது என்ற 70:20:10 விகிதத்தைச் சட்டம்போல ஒப்பிப்பதும் தவறே. தாம் எங்கே கற்றோம் என்று நிர்வாகிகள் தாமே நினைவுகூர்ந்து சொன்னதிலிருந்து திரட்டப்பட்ட உத்தேசக் கணக்கு அது. அனுபவம் பெரிய ஆசான் என்பதற்கு மேல் அதில் வேறொன்றைத் தேட வேண்டாம்.

ஆகவே, இந்த ஆண்டு படிவம் உங்கள் கைக்கு வரும்போது, நன்கு தெரிந்த காரியத்துக்கு எண்ணையும், புதிய பொறுப்புக்குக் கற்றல் இலக்கையும் எழுதுங்கள். படிவத்தில் கையெழுத்திடும் இடத்தில் நீங்கள் இருந்தால், கற்றல் இலக்கில் ஒருவர் தடுமாறினால் அதற்காக மதிப்பெண்ணைக் குறைப்பதில்லை என்று முன்கூட்டியே வாக்குக் கொடுங்கள். இரண்டாம் மாதத்தில் அந்த வாக்கைக் காப்பாற்றவும் செய்யுங்கள்.